ஆயிரம் ரூபாய்த் தாளில் ஆளில்லை

லபுக்கலை தாண்டியதும் கையை விரித்துவிட்டான்
கொண்டக்டர் சமிந்த.
"ஆயிரத்துக்கு மிச்சம் இல்ல அக்கே.
ரம்பொடயில பார்ப்பம்."

விரலிடுக்கில் அவன் செருகியிருந்ததெல்லாம்
இருபதும் ஐம்பதும்.
என் கையில் ஒற்றைத் தாள்,
நாலாய் மடித்தது,
பிள்ளைக்காம்பராவின் பால்மா வாசம் ஏறியது.

பின்சீட்டில் அடகுக்கடைக் கணக்கர் சிவக்கொழுந்து
தொண்டையைச் செருமினார். தொடங்கிவிட்டார்.
"அந்தக் காலத்துத் தாளில ஆளிருக்கும்.
ராணி இருப்பா."

என்ன ராணி, எந்த ஊர் ராணி என்று கேட்டது
டியூஷன் பையோடு நின்ற பிள்ளை.
இங்கிலாந்து என்றார்.
வேறென்ன தெரியும்?
நகை போட்டிருப்பா என்றார்.
அடகுக்கடைக்காரருக்கு அதுதான் தெரியும்.

ராணி தாளில் இருந்த நாளில்
எங்கள் ஆட்களுக்குப் பிரஜாவுரிமை இல்லை.
தாளை மட்டும் வைத்திருக்கலாம்.
இதை நான் சொல்லவில்லை,
கரட் மூட்டைக்காரர் திசாநாயக்க
அதற்குள் ராசாவுக்குப் போய்விட்டார்.

பொலன்னறுவைச் சிலை ராசா,
அவரும் தாளில் இருந்தாராம்.
கையில் பிடித்திருப்பது ஏடு என்றார் கணக்கர்.
நுகத்தடி என்றார் திசாநாயக்க,
தான் கமக்காரன் மகன் என்பதால்.
பப்பாளித் துண்டு என்றான் சமிந்த,
பஸ் முழுக்கச் சிரித்தது.
ராசா குளம் கட்டினார் என்பதில்
யாருக்கும் சண்டையில்லை.

எனக்கும் ஒருவரைத் தெரியும்.
கூடலூருக்குக் கப்பலேறிப் போன சித்தப்பா மகன்
ஒருமுறை வந்தபோது விட்டுப்போன
இந்தியப் பத்து ரூபாய்.
பிள்ளைக்காம்பராவில் காட்டினேன்.
மூன்று வயது மோனிஷா உடனே சொன்னாள்:
"கண்ணாடி போட்ட டிஸ்பென்சர் ஐயா!"
ஊசி போடுவாரோ என்று
இரண்டு பேர் அழுதார்கள்.
தாளை மடித்து உள்ளே வைத்தேன்,
காந்தி சிரித்துக்கொண்டே போனார்.

"இதுல யாரு ஆன்ட்டி?"
பிள்ளை என் தாளைக் கேட்டது.
விரித்தேன்.

ஒரு கிளி. ஒரு வண்ணத்துப்பூச்சி.
பின்பக்கம் ஆட்டக்காரர், மேளக்காரர்.
முன்பக்கம் மலையைக் குடைந்த ஒரு வாய்.
"இது நம்ம ரம்பொட டனல்!" என்றது பிள்ளை,
சொந்த வீட்டைத் தொலைக்காட்சியில் பார்த்தது போல.

இந்தத் தாளுக்காகத்தான்
எத்தனை வருஷம் ரோட்டில் இருந்தோம்,
நாளுக்கு ஒன்று,
ஒன்றே ஒன்று என்று,
மழையில், கொடியில்லாமலும் கொடியோடும்.
அத்தனை நாளும் ஒருவரும்
அதில் என்ன படம் என்று பார்க்கவில்லை.

கணக்கர் வாங்கி ஜன்னலில் பிடித்தார்,
வெளிச்சத்துக்கு மட்டும் தெரிகிற
ஒளிந்த கிளியைத் தேடி.
"நல்ல தாள்தான்" என்று திருப்பித் தந்தார்.
நான் கேட்கவில்லை.

அப்போதுதான் பஸ் உள்ளே நுழைந்தது.

ஹோர்ன் நீளமாய்.
டியூப் லைட் ஒன்று விட்டு ஒன்று.
என் மடியில் இருந்த மலையும்
வெளியே இருந்த மலையும்
ஒரே நேரத்தில் இருட்டின.
தடவிப் பார்த்தேன்,
மை தடித்த இடம் விரலுக்குத் தெரிந்தது.

அண்ணியின் புருஷன் பேதுரு
இதற்குள்தான் கல் அள்ளினார்,
நாட்கூலிக்கு, ஒன்பது மாதம்.
கொடுத்த மஞ்சள் ஹெல்மட்
இன்றைக்கும் லயத்துப் பின்னால்
கோழிக்குத் தண்ணீர் தொட்டி.
தலைகீழாய் வைத்தால் ஆடும்,
இரண்டு கல் முட்டுக் கொடுத்திருக்கிறது.

வெளிச்சம் வந்தது. அருவி இரைந்தது.
சமிந்த யாரிடமோ பிடுங்கிய நூறுகளை
எண்ணிக்கொண்டு வந்தான்.
பிள்ளை விடவில்லை:
"அப்ப இதுல ஆளே இல்லையா?"

"இருக்காரு" என்றேன்.
"எங்க வீட்டு ஆளு, பேதுருன்னு பேரு.
கொஞ்சம் உள்ளே தள்ளி நிக்கிறாரு,
லைட்டுப் பத்தல."

பிள்ளை குனிந்து உற்றுப் பார்த்தது.
சமிந்தவும் பார்த்தான்,
பார்த்துவிட்டு மடித்து
விரலிடுக்கில் செருகினான்,
மிச்சத்தில் பத்து ரூபாய் குறைய.